சரியானதும் போட்டுக்கலாம்: பெஞ்சமின் பிராங்க்ளின் தள்ளிப்போட்ட ஒரு முடிவு

2017 பிப்ரவரி. தமிழ்நாடு, கர்நாடகா, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கிய நேரம். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு ஊசி. முன்பே தட்டம்மை ஊசி போட்டிருந்தாலும் மறுபடி ஒன்று. என் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். ஒன்பதாம் மாதமே தட்டம்மை ஊசி போட்டாச்சு. "அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி.

அந்த மாதம் தமிழ்நாட்டில் போன் வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப் முழுக்க அந்த ஊசிதான். யாரோ ஒருவர் பதட்டமான குரலில் "தயவுசெஞ்சு உங்க பிள்ளைகளுக்குப் போடாதீங்க" என்று பேசிய ஆடியோ எங்கள் குடும்பக் குரூப்பில் மட்டும் நாலு முறை வந்தது. மாமியார் வேண்டாம் என்றார். மனைவி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். நான் பி.இ. படித்தவன், தினமும் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவன். என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்பாவுக்குச் சளி இருக்கு. சரியானதும் போட்டுக்கலாம்."

சளி நிஜம்தான். ஆனால் காரணம் சளி இல்லை. பயம். அந்தப் பயத்துக்குச் சளி ஒரு நல்ல சாக்கு.

ரொம்ப நாள் கழித்து வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, இதே சாக்கை ஏறக்குறைய இதே மாதிரிச் சொன்ன இன்னொரு அப்பாவைக் கண்டேன். அவர் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடியையும் மின்சாரத்தையும் ஆராய்ந்தவர், அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அவருடைய கதை என்னுடையதுபோல நல்லபடியாக முடியவில்லை.

பாஸ்டன், 1721

முதலில் கொஞ்சம் பின்கதை. ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு வெகுகாலம் முன்பே பெரியம்மைக்கு எதிராக ஒரு முறை இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நல்ல உடம்புள்ளவரின் கையில் லேசாகக் கீறி வைத்துவிடுவது. அவருக்கும் அம்மை வரும். ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்கப் பயமில்லை. ஆப்பிரிக்கா, துருக்கி, சீனா, இந்தியா எனப் பல இடங்களில் இது வழக்கத்தில் இருந்தது. நம் ஊரில் தடுப்பூசியையே "அம்மை குத்துறது" என்பார்கள் என்பதால், குழப்பம் வராமல் இருக்க இந்தப் பழைய முறையை இங்கே "சீழ் குத்துதல்" என்று சொல்கிறேன்.

இதில் ஒரு சிக்கல். வைப்பது நிஜமான பெரியம்மை. சிலர் அதிலேயே செத்துப்போவார்கள். குத்திக்கொண்டவரிடமிருந்து பக்கத்து வீட்டுக்குப் பரவவும் செய்யும்.

1721-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. சுமார் 11,000 பேர் இருந்த ஊர். பாதிப் பேருக்கு மேல் அம்மை கண்டு, 844 பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பாதிரியார் காட்டன் மேதரிடம் அடிமையாக இருந்த ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்கர், தன் ஊரில் சிறுவயதில் தனக்குச் சீழ் குத்தியதைச் சொல்லியிருந்தார். மேதர் அதைப் பிடித்துக்கொண்டார். ஊர் மருத்துவர்களில் ஸாப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற ஒருவர்தான் துணிந்தார். முதலில் குத்தியவர்களில் அவருடைய சொந்த மகனும் ஒருவன். ஆறு வயது.

ஊரே கொதித்தது. பாஸ்டனில் முறையான மருத்துவப் பட்டம் வைத்திருந்த ஒரே மருத்துவர் வில்லியம் டக்ளஸ் எதிர்ப்பக்கம் நின்றார். மேதர் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு வெடிகுண்டையே எறிந்தார்கள், நல்லவேளை, வெடிக்கவில்லை. எதிர்த்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று இன்றைக்கு நாம் சொல்லிவிட்டுப் போக முடியாது. நிரூபிக்கப்படாத முறை, அதுவும் நோயைப் பரப்பக்கூடியது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆதரவாளரான மேதரே தன் மகன் சாமுவேலுக்குக் குத்தலாமா வேண்டாமா என்று நாள்கணக்கில் தவித்து, கடைசியில் ரகசியமாகத்தான் குத்த வைத்தார். பையன் மோசமாகப் படுத்து, பிழைத்தான்.

கொள்ளைநோய் ஓய்ந்ததும் பாய்ல்ஸ்டன் கணக்குப் போட்டார். தானாக அம்மை கண்டவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் இறந்திருந்தார். அவர் குத்திய 240-க்கும் மேற்பட்டவர்களில் இறந்தது 6 பேர். அதாவது நாற்பது பேருக்கு ஒருவர். இரண்டு பக்கத்தையும் எண்ணி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆரம்பகால மருத்துவக் கணக்குகளில் இது ஒன்று.

அதே வருஷம் ஆகஸ்டில் பாஸ்டனில் ஒரு புதுப் பத்திரிகை தொடங்கியது. 'நியூ இங்கிலாந்து கூரன்ட்'. எடுத்த எடுப்பிலேயே சீழ் குத்துவதைக் கிழிகிழியென்று கிழித்தது. நடத்தியவர் ஜேம்ஸ் பிராங்க்ளின். அங்கே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பையன், அவருடைய தம்பி பெஞ்சமின்.

ஃபிலடெல்ஃபியா, 1736

அண்ணனோடு ஒத்துவராமல் தம்பி ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிப்போனார். அங்கே சொந்தமாக அச்சகம், சொந்தமாகப் பத்திரிகை. சீழ் குத்துவது பற்றிய கருத்தும் மாறிவிட்டது. 1731-லேயே தன் 'பென்சில்வேனியா கெஜட்'டில் ஆதரவாகச் செய்தி போட்டார். அடுத்த வருஷம், 1732 அக்டோபரில், மகன் பிறந்தான். பிரான்சிஸ். வீட்டில் ஃபிராங்கி.

1736-இல் ஃபிலடெல்ஃபியாவில் மறுபடி பெரியம்மை. ஃபிராங்கிக்கு இன்னும் குத்தியிருக்கவில்லை. நவம்பர் 21-ஆம் தேதி அவன் இறந்தான். நாலு வயது. அவனைத் தெரிந்த எல்லாருக்கும் அவன் ஒரு சந்தோஷமாக இருந்தான் என்று கல்லறைக் கல்லில் எழுதி வைத்தார்கள்.

பிராங்க்ளின் ஊரறிந்த ஆதரவாளர் இல்லையா? ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது: பையன் சீழ் குத்தியதால்தான் செத்தான் என்று. அதைக் கேட்டு மற்ற அப்பா அம்மாக்களும் பயந்து பின்வாங்கினார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் வதந்திக்குக் கால் இருந்தது.

டிசம்பர் 30-ஆம் தேதி, மகன் போய் நாற்பது நாள்கூட ஆகாத நிலையில், பிராங்க்ளின் தன் பத்திரிகையிலேயே மறுப்பு வெளியிட்டார். அவனுக்குச் சீழ் குத்தவே இல்லை, ஊரில் பரவிய அம்மைதான் அவனுக்கும் வந்தது என்று சொன்னார். ஏன் குத்தவில்லை என்பதற்கும் காரணம் சொல்லியிருந்தார். பையனுக்கு நீண்டநாள் வயிற்றுப்போக்கு. அது நின்று, உடம்பு தேறியதும் குத்தலாம் என்று இருந்தேன்.

இந்த இடத்தைப் படித்தபோது லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். "சளி இருக்கு, சரியானதும் போட்டுக்கலாம்."

நியாயமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. நிஜமான பெரியம்மையை வைக்கும் முறையில், பலவீனமான குழந்தைக்குப் பொறுத்திருந்து குத்துவது அன்றைக்குச் சரியான யோசனைதான். இன்றைய ஊசிகளுக்குச் சாதாரணச் சளி ஒரு தடையே இல்லை. அவருடைய காரணம் என்னுடையதைவிட நல்ல காரணம். ஆனாலும் பலன் கிடைக்கவில்லை. நோய் காத்திருக்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர், எண்ண முடியாததைச் சொன்னவர்

பிராங்க்ளின் மகனை இழந்து இருபத்து நாலு வருஷம் கழித்து, கடலுக்கு இந்தப் பக்கம் இதே கேள்வி கணக்காகவே மாறியது. நம்மில் எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு டேனியல் பெர்னூலியைத் தெரியும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஒரு சமன்பாடாக வந்து நம் தூக்கத்தைக் கெடுத்தவர். 1760 ஏப்ரலில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அவருடைய ஒரு கணக்கு வந்தது. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் சீழ் குத்திவிட்டால் என்ன ஆகும்?

வால்நட்சத்திரப் புகழ் ஹாலி, பிரெஸ்லாவ் நகரப் பிறப்பு இறப்புகளை வைத்து ஒரு ஆயுள் பட்டியல் போட்டிருந்தார். பெர்னூலி அதை எடுத்துக்கொண்டார். 1,300 குழந்தைகள் பிறக்கின்றன. அம்மை வராதவர்களில் வருஷத்துக்கு எட்டில் ஒருவருக்கு அம்மை வரும். வந்தவர்களில் எட்டில் ஒருவர் இறப்பார். இந்த இரண்டு எண்கள்தான் அவருடைய அனுமானம்.

விடை: அந்த 1,300 பேரில் சுமார் 100 பேரைப் பெரியம்மை கொண்டுபோகும். சராசரி ஆயுள் 26 வருஷம் 7 மாதம். பெரியம்மையே இல்லாவிட்டால் அது 29 வருஷம் 9 மாதம். சீழ் குத்துவதால் 200-இல் ஒருவர் சாவார் என்று வைத்துக்கொண்டால்? 1,300 குழந்தைகளில் ஆறு, ஏழு. அந்தப் பக்கம் நூறு, இந்தப் பக்கம் ஏழு. வேறென்ன யோசிக்க இருக்கிறது?

யோசிக்க இருக்கிறது என்றார் தலம்பேர். இவரும் நமக்குத் தெரிந்தவர்தான். முதல் செமஸ்டர் கணிதத்தில் தொடர்களுக்கு 'ரேஷியோ டெஸ்ட்' என்று வருவது இவர் பெயரில்தான். அதே வருஷம் நவம்பரில் அவர் பதில் சொன்னார். சீழ் குத்துவதை அவர் எதிர்க்கவில்லை, ஆதரவாளர்தான். ஆனால் மனிதன் இப்படி முடிவெடுப்பதில்லை என்றார். குத்தினால் வரும் ஆபத்து இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். கிடைக்கும் லாபமோ பல வருஷத்துக்குப் பரவி, ஆயுளின் கடைசியில் சேரும் ஏதோ சில மாதங்கள். இரண்டையும் ஒரே தராசில் போட முடியுமா? அரசாங்கத்துக்கு எல்லாப் பிரஜைகளும் ஒரு எண். ஒரு தாய்க்குத் தன் பிள்ளை எண் அல்ல.

இது சும்மா வாய்ச்சவடாலா என்று சோதிக்க நானே பெர்னூலியின் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி ஆயுளை மட்டும் பார்த்தால், சீழ் குத்துதல் எவ்வளவு ஆபத்தாக இருக்கும் வரை லாபம்? 26 வருஷம் 7 மாதத்தை 29 வருஷம் 9 மாதத்தால் வகுத்தால் 0.89. அதாவது பத்தில் ஒரு குழந்தை ஊசியிலேயே செத்தாலும் கணக்குப்படி லாபம்தான்! எந்த அப்பன் சம்மதிப்பான்? நான் சம்மதிக்க மாட்டேன். தலம்பேர் சொன்னது புரிந்தது.

என் வேலையிலிருந்தே ஒரு உதாரணம். சர்வருக்கு ஒரு செக்யூரிட்டி பேட்ச் வந்திருக்கிறது. நான் போட்டு, சர்வர் விழுந்தால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்குத்தான் போன் வரும். போடாமல் விட்டு, ஆறு மாதம் கழித்து எவனாவது உள்ளே புகுந்தால், 'ஹேக் ஆயிடுச்சு' என்பார்கள். முதலாவதில் என் பெயர் இருக்கிறது. இரண்டாவதில் யார் பெயரும் இல்லை. குழந்தை விஷயத்திலும் இதுதான். நூறு பேர் பெரியம்மையால் சாவது விதி. ஏழு பேர் ஊசியால் சாவது நம் கை.

பிராங்க்ளின் சொன்ன பதில்

தலம்பேரின் கேள்விக்குக் கணக்கில் பதில் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் பிராங்க்ளினின் சுயசரிதையில் உள்ள நாலைந்து வரி புரிந்தது. மகன் போய் ஐம்பது வருஷம் கழித்து, எண்பது தாண்டிய கிழவராக எழுதியது. மகனுக்குக் குத்தாமல் விட்டதற்காக இன்னமும் வருந்துகிறேன் என்கிறார். குத்தி ஏதாவது ஆகிவிட்டால் நம்மை நாமே மன்னிக்க முடியாது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன். குத்தாமல் போனாலும் வருத்தம் அதேதான் என்பதற்கு நானே சாட்சி. வருத்தம் இரண்டு பக்கமும் சமம் என்றால், ஆபத்து குறைந்த பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். சாராம்சம் இவ்வளவுதான்.

பெர்னூலி இரண்டு பக்கச் சாவுகளையும் எண்ணினார். தலம்பேர், பயத்தின் எடை இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்றார். எடை ஒன்றுதான், முன்கூட்டி நமக்குத் தெரிவதில்லை என்பது பிராங்க்ளினின் பதில். அவர் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்.

அவர் வருத்தப்பட்டதோடு நிற்கவும் இல்லை. 1759-இல் லண்டனில் இருந்தபோது, வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவரைக் கொண்டு, சீழ் குத்துவது எப்படி என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி ஒரு சிறு வெளியீடு எழுத வைத்து, 1,500 பிரதிகள் அமெரிக்காவுக்கு இலவசமாக அனுப்பினார். முன்னுரை அவருடையது. மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று அதில் பட்டியல் போடுகிறார். கடவுளுக்கு அடுக்குமா என்ற சந்தேகம். மருத்துவருக்குக் கொடுக்கும் செலவு. இன்னொன்று: வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் துணிய மாட்டார், ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் பழி வந்துவிடுமே.

இதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருந்தது.

அப்பத்தா

1796-இல் ஜென்னர் மாட்டம்மைச் சீழை எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் வைத்ததோடு தராசு ஒரேயடியாகச் சாய்ந்தது. மாட்டம்மை ஆளைக் கொல்லும் நோயல்ல. ஆனால் பெரியம்மையைத் தடுத்தது. 1802 ஜூன் 14-ஆம் தேதி பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு வைத்து இந்தியாவில் தொடக்கம். அங்கிருந்து குழந்தைக் கையிலிருந்து குழந்தைக் கைக்கு என்று ஊர் ஊராகப் போனது. யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற கேள்வி நம் நாட்டில் என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு கன்றுக்குட்டிகளிலிருந்து அம்மைப்பால் எடுத்தார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட் 1899-இல் அதற்காகத் தொடங்கியதுதான்.

கிண்டி அம்மைப்பால் எங்கள் ஊர்ப் பக்கமும் வந்திருக்க வேண்டும். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். அப்பத்தாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. என் அப்பாவின் இடது கையில் ரூபாய்க் காசு அளவில் இரண்டு அம்மை குத்திய தழும்பு. அந்தத் தழும்புகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

2017 மார்ச்சில் முகாம் முடிவதற்குச் சில நாள் முன்பு ஊருக்குப் போயிருந்தோம். சளி போய் பத்து நாள் ஆகியிருந்தது. ஊசி இன்னும் போடவில்லை. வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா திடீரென்று சொன்னார்:

"அம்மை குத்துறவன் வந்துட்டான்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு வைக்கப்போருக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்குவோம் ராசா. குத்துனா காச்சல் வரும், கை வீங்கும். ஆத்தாவுக்கு ஆகாதும்பாக. உங்க அப்பன் அன்னிக்கிப் பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டான், அவனுக்குக் குத்திப்பிட்டாக. சின்னவன் என் இடுப்புல இருந்தான்."

என் அப்பாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஆத்தா எடுத்துக்கிட்டான்னு சொன்னாக. ஒளிஞ்சதுக்கு என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நான்தேன் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமியார்தான் முதலில் எழுந்து, "நாளைக்கே போட்டுட்டு வந்துருங்க தம்பி" என்றார்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டோம். பாப்பா அழுதாள், ராத்திரி லேசாகக் காய்ச்சல், அடுத்த நாள் சரியாகிவிட்டது. அவ்வளவுதான்.

இன்றைய கணக்கு

இன்றைய எண்களைப் பெர்னூலி பார்த்தால் கணக்கே தேவையில்லை என்பார். தட்டம்மை வந்த குழந்தைகளில், நல்ல மருத்துவ வசதியுள்ள அமெரிக்காவிலேயே, ஆயிரத்துக்கு 1 முதல் 3 பேர் இறக்கிறார்கள். ஊசியால் கடுமையான ஒவ்வாமை வருவது சுமார் பத்து லட்சத்தில் ஒருவருக்கு. 1963-இல் தட்டம்மைத் தடுப்பூசி வருவதற்கு முன் உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 26 லட்சம் பேர் அந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எங்கள் குரூப்பில் சுற்றிய ஆட்டிசம் கதைக்கு மூலம், 1998-இல் 12 குழந்தைகளை வைத்து வந்த ஒரு கட்டுரை. வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

தலம்பேர் விட்டுப்போன கேள்வி ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. இப்போது ஊரில் தட்டம்மை அதிகம் கண்ணில் படுவதில்லை. என் பிள்ளைக்கு மட்டும் போடாமல் விட்டால் என்ன? கணக்குப்படி இது தப்பிக்கக்கூடிய வாதம் மாதிரித் தெரியும். ஆனால் நோய் கண்ணில் படாததற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளைக்குப் போட்டது. தட்டம்மை பரவாமல் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது எதிர்ப்புச் சக்தி வேண்டும். மீதி ஐந்து இடம், நிஜமாகவே ஊசி போட முடியாத குழந்தைகளுக்கானது. ருபெல்லா இன்னும் ஒரு படி மேலே. குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கண், காது, இதயத்தைத் தாக்கும். என் மகளுக்கு அன்றைக்குப் போட்டது, இன்னும் பிறக்காத யாருக்கோ போட்டதும்தான்.

பெரியம்மை போய்விட்டது. 1980 மே 8-ஆம் தேதி உலக சுகாதார சபை அறிவித்தது. என் கையில் அந்தத் தழும்பு இல்லை. எனக்கு அது தேவைப்படவில்லை.

அப்பத்தா இப்போது இல்லை. சித்தப்பா என்று கூப்பிட வேண்டியவரின் பெயரை அன்று அவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டேன். எங்கள் குடும்ப மரத்தை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்திருக்கிறேன். அப்பாவின் வரிக்குக் கீழே ஒரு புது வரி சேர்த்து அந்தப் பெயரை எழுதினேன். பிறந்த வருஷம், இறந்த வருஷம் இரண்டும் அப்பத்தாவுக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டங்கள் காலியாகத்தான் இருக்கின்றன.